பாமினியை முதலில் விட்டவர்: மட்டக்களப்பு நூல் வடிவமைப்பாளர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் மட்டக்களப்பு நகரை ஒட்டிய கல்லடியில், வீட்டில் இருந்தபடியே நூல்களுக்குப் பக்கம் அமைக்கும் ஒரு பெண். அக்கம்பக்கத்தில் யாரும் பாமினி எழுத்துருவை விட யோசிக்காத காலத்தில் அவர் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு முழுதாக மாறினார். அதனால் அவருக்கு என்ன போனது, என்ன வந்தது, எப்போது வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். 2010 முதல் அவருடைய பக்கங்களுக்குப் பிழை திருத்துகிறவன் நான். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கும் அப்படியே வரும். அவருடைய பெயரும் வாடிக்கையாளர், அச்சகங்களின் பெயர்களும் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டுள்ளன.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இளம் வடிவமைப்பாளர்கள் பலர் "இப்பவே இதுக்குள்ள இறங்குறதா, பொறுத்துப் பார்க்கிறதா?" என்று கேட்கிறார்கள். பழைய ஒரு மாற்றத்தில் முதலில் இறங்கிய ஒருவருக்கு நடந்ததை வருடவாரியாகப் பார்ப்பது அவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

அக்கா உயர்தரம் முடித்துவிட்டுத் தமிழ்த் தட்டச்சு படித்தவர். "யளனக" என்று விரல் பாடமானவர். 1998இல் நகரத்தில் ஒரு அச்சகத்தில் சேர்ந்தார். அங்கே பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளும் பாமினியும் இருந்தன. பாமினியின் விசை வரிசை பழைய தட்டச்சுப் பொறியோடு பெரும்பாலும் ஒத்துப்போகும் என்பதால் இரண்டு வாரத்தில் கை ஓடிவிட்டது.

பாமினி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். அதில் கணினிக்குத் தமிழ் என்று ஒன்று தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். திரையில் "தமிழ்" என்று தெரிகிற சொல், உள்ளே ஜே, கே, பீ, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு அந்தக் கணினியில் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் அந்த ஜே, கே, பீ, ஓதான் வெளியே வரும். யுனிகோட் அப்படி இல்லை. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. 'த' என்ற எழுத்து எந்தக் கணினியிலும் 'த'வாகவே இருக்கும். எழுத்துரு மாறினால் வடிவம் மட்டும்தான் மாறும்.

2005இல் அக்கா அச்சகத்தை விட்டு வந்து வீட்டு முன் அறையில் சொந்தமாகத் தொடங்கினார். சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகள், பாடசாலை மலர்கள், கவிதைத் தொகுப்புகள், கல்யாண அட்டைகள், கண்ணகி அம்மன் கோவில்களின் சடங்கு மலர்கள், அப்புறம் கல்வெட்டுகள். வெளியூர் வாசகருக்காக: இங்கே கல்வெட்டு என்பது இறந்தவரின் 31ஆம் நாளுக்கு அச்சிடும் நினைவு நூல். வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் இருக்கும். 31 நாளுக்குள் முடிய வேண்டும் என்பதால் இது அவசர வேலை. கூலியும் கொஞ்சம் கூட. ஆறு அச்சகங்கள் அவருக்கு வேலை அனுப்பின. மாதம் முழுக்கக் கை நிறைய வேலை.

2009: மாறத் தூண்டியது

ஒரு தொலைபேசி அழைப்புத்தான் தொடக்கம். 2006இல் ஆரையம்பதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு அக்கா கல்வெட்டு செய்திருந்தார். 2009இல் அவருடைய மனைவியும் காலமானார். ரொறன்ரோவில் இருந்த மகள், தகப்பனின் கல்வெட்டிலிருந்து வம்சாவளியை எடுத்துத் தாயுடையதில் சேர்க்க நினைத்துக் கோப்பைத் திறந்திருக்கிறார்.

"அக்கா, அப்பாட பேரக் காணல்ல. எல்லாம் இங்கிலிஷ் எழுத்தாக் கிடக்கு" என்றார். அழுகிறார் என்று தொலைபேசியிலேயே தெரிந்ததாம்.

எழுத்துருவை மின்னஞ்சலில் அனுப்பிச் சரி செய்தாயிற்று. ஆனால் அக்காவின் மனதில் அது தங்கிவிட்டது. நான்கு தலைமுறைப் பெயர்களைத் தான் பதிந்து வைத்ததாக நினைத்திருந்தார். உண்மையில் அவர் பதிந்து வைத்தது ஆங்கில எழுத்துகளை. இந்த எழுத்துரு ஒருநாள் இல்லாமல் போனால் அந்தப் பெயர்களும் இல்லை.

வேறு அறிகுறிகளும் இருந்தன. தமிழுக்கான இலங்கைத் தரநிலை எஸ்எல்எஸ் 1326 யுனிகோடை ஒட்டி 2008இல் வந்தது. தொண்டு நிறுவனங்களின் கொழும்பு அலுவலகங்கள் அறிக்கைகளை யுனிகோடில் கேட்கத் தொடங்கின. இணையத்தில் தமிழ் விக்கிப்பீடியா 2003 முதலே இருந்தது. உலகம் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்தது. அச்சகங்கள் எப்போது அந்தப் பக்கம் வரும் என்பதுதான் தெரியவில்லை.

எடுத்த முடிவு

2010 தைப்பொங்கலுக்குப் பிறகு ஏற்கும் எல்லா வேலையும் யுனிகோடில்தான் என்று முடிவு செய்தார். ஏன் ஒரேயடியாக? விரல் பழக்கம் தடையாக இருக்கவில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் பாமினி விசை வரிசையிலேயே யுனிகோடில் அடிக்கலாம். "யளனக" அப்படியே இருந்தது. அவர் பயந்தது இரட்டைக் கோப்புகளுக்கு. ஒரே நூலை இரண்டு வடிவத்தில் வைத்திருந்தால், ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் விடுபடும். கல்வெட்டில் ஒரு பெயர் பிழைத்தால் அது குடும்பச் சண்டை வரை போகும். அந்தப் பயம் நியாயமானது. அப்போது நானும் அதைச் சரி என்றேன்.

2010 முதல் 2013 வரை: விலை கொடுத்த காலம்

முதலில் தட்டியது பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பான 7.0 2001இல் வந்தது. யுனிகோட் அதற்குத் தெரியாது. இன்னொரு பக்க அமைப்பு மென்பொருளான அப்போதைய இன்டிசைனிலும் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறும். மிச்சம் இருந்தது வேர்ட்தான். வேர்டில் பக்கம் அமைத்து, பீடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்குக் கொடுத்தார். வேர்டிலிருந்து வரும் கறுப்பு சில நேரம் நான்கு நிறத் தகட்டிலும் ஏறி, எழுத்தைச் சுற்றி நிழல் தட்டியது. அதை ஒருவாறு சமாளித்தார்கள்.

சமாளிக்க முடியாதது வேறொன்று. நெடுநாள் பழக்கமான ஒரு அச்சக முதலாளி நேரில் வந்து சொன்னார்: "தங்கச்சி, உங்கட வேலை வடிவு. ஆனா நீங்க தாற ஃபைல்ல என்னால ஒரு எழுத்தைக்கூட மாத்த ஏலாது. ஆள் இரவு பத்து மணிக்கு வந்து பேரன்ட பேர் விடுபட்டுப் போச்சு எண்டு நிண்டா நான் என்ன செய்யிற?"

இதை நான் முக்கியமான அவதானிப்பாகக் கருதுகிறேன். அச்சகத்துக்குத் தேவைப்பட்டது தரமான கோப்பு மட்டும் இல்லை. தங்கள் கை வைக்கக்கூடிய கோப்பு. பேஜ்மேக்கரில் பாமினியாக இருந்தால் இயந்திரத்தடியில் நிற்கும் பையனே திருத்திவிடுவான். பீடிஎஃபில் முடியாது. அக்கா தொழில்நுட்பத்தில் முன்னால் போனபோது, அந்த இரவுத் திருத்தம் என்ற சின்னக் கண்ணி அறுந்துவிட்டது. ஆறு அச்சகங்களில் நான்கு ஒவ்வொன்றாக வேலை அனுப்புவதை நிறுத்தின. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. வேலை வருவது மட்டும் நின்றது.

கல்யாண அட்டை முற்றாகப் போனது. பாமினி வகையில் வளைவும் நெளிவுமாக எத்தனையோ அலங்கார எழுத்துருக்கள் இருந்தன. யுனிகோடில் அப்போது கைக்கெட்டியது விண்டோஸோடு வரும் லதாவும் இன்னும் சிலவும்தான். லதாவில் கல்யாண அட்டை அடித்தால் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் அட்டையைத் திருப்பிக் கொடுத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

வருமானம் பாதிக்கும் கீழே இறங்கியது. மாலையில் பிள்ளைகளுக்குத் தட்டச்சு வகுப்பு எடுத்தார், தையலும் செய்தார். வீட்டில் கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டியதில்லை. தொண்டு நிறுவன அறிக்கைகள் கொஞ்சம் கைகொடுத்தன. ஆனால் 2012 அளவில் அவையும் திட்டங்களை முடித்துக்கொண்டு போகத் தொடங்கின.

2013 முதல் 2019 வரை: திரும்பி வந்தது

2012இல் வந்த இன்டிசைன் சிஎஸ்6இல் தமிழ் உட்பட இந்திய மொழிகளின் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி சேர்க்கப்பட்டது. அக்கா அதை 2013இல் பயன்படுத்தத் தொடங்கினார். 'கொ' சிதறாமல் நின்றது. முதல் பக்கம் சரியாக வந்த அன்று இரவு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கொம்பு நிக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதே காலத்தில் கைபேசிகளிலும் தமிழ் ஒழுங்காகத் தெரியத் தொடங்கியது. 2015க்குப் பிறகு கூகுள் எழுத்துருக்களில் கட்டமரான், பாலூ தம்பி, ஹிந்த் மதுரை, கவிவனார் எல்லாம் இலவசமாக வந்தன. அலங்காரப் பஞ்சமும் ஓரளவு தீர்ந்தது.

இனி அவருக்கு நல்ல காலம்தான் என்று நாங்கள் நினைத்தோம். வேலை வந்தது உண்மை. ஆனால் நாங்கள் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை. புது நூல் வடிவமைக்க யாரும் ஓடி வரவில்லை. பழைய பாமினிக் கோப்புகளை மாற்றித் தரச் சொல்லி வந்தார்கள்.

2016இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணகி அம்மன் கோவில் நிருவாகம் தங்கள் பழைய சடங்கு மலர்களை எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பு நூல் கொண்டுவர விரும்பியது. யாரோ அவற்றை இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோட் ஆக்கி, ஒரு பென் டிரைவில் கொடுத்தார்கள். திரையில் பார்த்தால் அச்சொட்டாகச் சரி. நானும் இரண்டு நாள் வாசித்தேன். பெரிய பிழை ஒன்றும் கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள் பொருளடைவுக்காக அக்கா 'குளிர்த்தி' என்று தேடினார். கண்ணகி கோவில் மலரில் குளிர்த்தி என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். வைகாசிச் சடங்கின் முடிவே திருக்குளிர்த்திதான். கணினி "இல்லை" என்றது. 'ஆசிரியர்' என்று தேடினார். அதுவும் இல்லை. கண்ணுக்கு நேரே அந்தச் சொல் இருக்கிறது, கணினிக்கு இல்லை.

காரணத்தை அவரே கண்டுபிடித்தார். பாமினியில் அடிப்பவர்கள் 'ர்' வேண்டிய இடத்தில் 'ா' என்ற காலை அடித்து மேலே புள்ளி வைப்பது வழக்கம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே, விரலுக்கு அது சுலபம். 'ரி'க்கும் அதே கதை. மாற்றி மென்பொருள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு 'ஆசிாியா்' என்று எழுதி வைத்திருந்தது. நான் மேலே எழுதிய இரண்டு சொல்லையும் உற்றுப் பாருங்கள். சில கைபேசிகளில் இரண்டாவதன் நடுவே புள்ளி வட்டம்கூடத் தெரியும். அக்கா தானே பன்னிரண்டு வருடம் அப்படி அடித்தவர். அதனால்தான் அவருக்குப் பிடிபட்டது.

கால் மேல் புள்ளி தமிழில் எங்கும் வராது. கால் மேல் இகரக் குறியான விசிறியும் வராது. ஆகவே அவற்றை ஒரே கட்டளையில் மொத்தமாக மாற்றிவிடலாம். ஐந்து நிமிட வேலை. அடுத்தது அப்படி இல்லை. 'பௌர்ணமி'யில் வரும் ஔகாரக் குறி பழைய கோப்புகளில் கொம்பும் 'ள'வுமாக, 'பெளர்ணமி' என்று கிடந்தது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'வெள்ளி'யும் 'வெளி'யும் உடையும். எது ஔ, எது எள என்பதை வாசித்துப் பொருள் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். வைகாசிப் பௌர்ணமியில் முடிகிற சடங்கைப் பற்றிய 340 பக்கம். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அதற்குப் பதினொரு நாள் ஆனது.

அந்த நூலுக்குப் பிறகு மாற்றுவேலை தொடர்ந்து வந்தது: கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் பாடசாலை மலர்கள், வெளிநாட்டுக் குடும்பங்களின் பழைய கல்வெட்டுகள், எழுத்தாளர் சிலருடைய தொகுப்புகள். ஆறு வருடம் முன்னே தொடங்கியதால் அவருக்குக் கிடைத்தது இதுதான். மென்பொருளை யாரும் வாங்கலாம். இரண்டு பக்கமும் வாழ்ந்து, எந்தப் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்தவர் அப்போது இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

இதற்கிடையில் இன்னொரு வாசல் சத்தமில்லாமல் மூடியது. 2017இல் கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் சேர்ந்தது. கவிஞர்கள் கைபேசியில் பேசியே கவிதையைப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று வந்த தட்டச்சுக் கூலி மூன்று வருடத்தில் இல்லாமல் போனது. யுனிகோட் பரவியதால்தான் இது நடந்தது. அக்கா எதற்காகக் காத்திருந்தாரோ அதுவே அவருடைய பழைய வருமானம் ஒன்றை எடுத்துக்கொண்டது. இதை அவர் மனத்தாங்கல் இல்லாமல்தான் சொல்வார். எனக்குக் கேட்கும்போது கஷ்டமாக இருக்கும்.

2020 முதல் இன்று வரை

கோவிட் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம்: விழா இல்லை, மலர் இல்லை, வேலை இல்லை. 2022 நெருக்கடி வேறு விதம். கடதாசி விலை எட்டாத உயரத்துக்குப் போனது. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. 300 பிரதி அடித்த கல்வெட்டை 40 பிரதியாக்கி, மிச்சத்தைக் கைபேசிக்கு அனுப்பச் சொன்னார்கள் குடும்பத்தார். பாமினியில் செய்த பீடிஎஃபையும் கைபேசியில் பார்க்கலாம்தான். ஆனால் தேவாரத்தை மட்டும் எடுத்துக் குழுவில் போட வேண்டும், பெயரைத் தேட வேண்டும், எழுத்தைப் பெரிதாக்கி வரி தானாக மடிய வேண்டும் என்றால் அது முடியாது. அக்காவிடம் முடிந்தது. 2010க்குப் பிறகு அவரை விட்டுப்போன நான்கு அச்சகங்களில் இரண்டு அந்த வருடம் திரும்பி வந்தன. "தங்கச்சி" என்று அன்று பேசிய முதலாளியும் வந்தார். இரவுத் திருத்தத்துக்கு இப்போது அவரிடமே இன்டிசைன் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான். அவன் அக்காவின் தட்டச்சு வகுப்பில் இருந்தவன்.

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் அக்கா இந்த முறை முதலில் இறங்கவில்லை. அட்டைப்படத்துக்குச் சோதித்துப் பார்த்தார். படத்துக்குள் வரும் தமிழ் எழுத்து கோணலாகவும் பொருளில்லாமலும் வந்தது. கண்ணகி கையில் சிலம்பு கேட்டதற்கு வளையல் வந்தது. சரி, இன்னும் பொறுப்போம் என்று வைத்துவிட்டார். அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வேலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறார். ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் ஏற்கிறார்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

அக்காவும் நானும் இதைப் பலமுறை பேசியிருக்கிறோம். மாறியது சரி என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. ஒரேயடியாக மாறியது பிழை என்பது என் கருத்து. அவர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. கல்வெட்டையும் அறிக்கையையும் யுனிகோடில் செய்துகொண்டு, கல்யாண அட்டையையும் அவசர அச்சு வேலையையும் இன்னும் மூன்று வருடம் பாமினியில் வைத்திருக்கலாம். அட்டையை யாரும் இருபது வருடம் கழித்துத் திறந்து தேடப் போவதில்லை. இரட்டைக் கோப்பு என்ற அவருடைய பயம் நூலுக்குப் பொருந்தும், அட்டைக்குப் பொருந்தாது. அந்த வேறுபாட்டை அன்று நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. அவர் தையல் மெசினில் இருந்த இரவுகளுக்கு அதுதான் காரணம், அதில் எனக்கும் பங்கு உண்டு.

இயந்திரத்தடியில் நின்ற பையன்களுக்கு 2010இலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது அக்காவின் கருத்து. முதலாளிகளோடு தர்க்கம் செய்து நேரம் போக்கியதைவிட, இரவு பத்து மணிக்குத் திருத்தப் போகிறவனுக்கு வேர்டில் ஒரு எழுத்தை மாற்றிப் புதிதாகப் பீடிஎஃப் எடுக்கக் காட்டியிருந்தால் இரண்டு அச்சகமாவது தங்கியிருக்கும் என்கிறார். நானும் அப்படியே நினைக்கிறேன்.

கூலி விஷயமும் உண்டு. முதல் மூன்று வருடம் பழைய வாடிக்கையாளரின் கோப்புகளை அவர் சும்மா மாற்றிக் கொடுத்தார். "அது என்ட கடமைதானே" என்பார். 2016க்குப் பிறகு கூலி கேட்டபோது, முன்பு இலவசமாக வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் வலிப்பது ஒரு சின்ன விஷயம். 2010இல் மாற்றி முடித்த பாமினி மூலக் கோப்புகளை, இடம் போதாது என்று அவர் அழித்துவிட்டார். அப்போதைய மாற்றிகள் விட்ட பிழைகளை இன்று ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இல்லை. அச்சுப் பிரதி உள்ளவற்றுக்கு அதைப் பார்த்துத் திருத்துகிறோம். பிரதியும் இல்லாத ஒன்பது கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் சில பெயர்களில் வருவது 'ர'வா, காலா என்று குடும்பத்தாரைத்தான் கேட்க வேண்டும். மூன்று குடும்பங்களைக் கண்டுபிடித்தாயிற்று. மிச்ச ஆறு குடும்பங்களில் இரண்டு களுவாஞ்சிக்குடிப் பக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். வருகிற ஞாயிறு போகிறோம்.